தேருக்கு ஒரு நீதி! காலுக்கு ஒரு நீதி!

"கடைத்தெருவை அடைப்பதாமே! காரும் வண்டியும் நுழையக் கூடாதாமே! நடப்பவருக்கு மட்டுமே தெருவாமே! அடுக்குமா இந்த அநியாயம்?"

காரில் அமர்ந்தபடி ஒரு கனவான் இப்படிக் கேட்கிறார். கண்ணாடியை இறக்கிக் கேட்கவும் மனம் வரவில்லை அவருக்கு. உள்ளேயிருக்கும் குளிர்ச்சி வெளியே போய்விடும் என்ற கவலை! வெளியே, வெயிலில், ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாக ஒரு தாய் நிற்கிறாள். அவருடைய காரும் சாக்கடையும் விட்டுவைத்த ஒரு சாண் இடத்தில் கால் வைக்க முயல்கிறாள். அவர் கேட்டது அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அவளும் ஒன்று கேட்டிருப்பாள்: "ஐயா, இந்தத் தெரு என்றைக்கு எனக்குத் திறந்திருந்தது, இன்றைக்கு அடைப்பதாகச் சொல்கிறீர்கள்?"

கனவானுக்கு மறுமொழி கூறுமுன், தோழர்களே, தென்காசிவரை போய் வருவோம். காசி விசுவநாதர் கோயிலைச் சுற்றித் தேரோடும் வீதிகள். தேர்த்திருநாளன்று அந்த வீதிகளின் கோலத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பேருந்துகள் வேறு வழியே திருப்பிவிடப்படும். லாரிகள் ஊருக்கு வெளியே நிற்கும். நிறுத்திவைத்த வண்டிகளை எடுக்கச் சொல்லி ஒலிபெருக்கி அலறும். கடைக்காரர் தம் வாசலில் நீட்டியிருந்த பந்தலைத் தாமே சுருட்டிக்கொள்வார். குறுக்கே போகும் மின்கம்பி கழற்றப்படும், வீடுகளில் விசிறி நிற்கும், யாரும் முணுமுணுக்கமாட்டார்கள். வானளாவிய மரக்கோபுரம் ஆமை வேகத்தில் அசையும், திருப்பத்தில் நிற்கும், முட்டுக்கட்டை போடுவார்கள், எடுப்பார்கள், மீண்டும் போடுவார்கள். ஊரே காத்திருக்கும்.

அன்றைக்கு யாராவது, "போக்குவரத்து என்னாவது?" என்று கேட்டதுண்டா? "வணிகம் நசித்துவிடுமே!" என்று வணிகர் சங்கம் தீர்மானம் போட்டதுண்டா? "அவசர நோயாளி என்ன செய்வார்?" என்று கண்ணீர் வடித்ததுண்டா? இல்லை. தெருவை அடைக்க முடியும், அடைத்தால் ஊர் அழிந்துவிடாது, மாற்றுவழி அமைக்க அதிகாரிகளுக்குத் தெரியும், மக்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் தேர் ஆண்டுதோறும் மெய்ப்பித்துக் காட்டிக்கொண்டேயிருக்கிறது! தேருக்கு முடிகிறது. அமைச்சர் வருகிறார் என்றால் முடிகிறது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக்கூட முடிகிறது. கால்நடையாகச் செல்லும் மனிதனுக்காக என்றால் மட்டும் பொருளாதாரம் குறுக்கே வந்து படுத்துக்கொள்கிறது!

தென்காசிக்கு அண்மையில் ஆய்க்குடி. சங்கப் புலவர்கள் பாடிய ஆய் அண்டிரனின் ஊர் இதுவே என்பர். கடையெழு வள்ளல்களுள் ஒருவன், பொதியமலைத் தலைவன். இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று வட்டிக்கணக்குப் போட்டுக் கொடுத்தவனல்லன் என்று புறநானூறு அவனைப் புகழ்கிறது. அறத்தை விலைபேசாத மனிதன். பகுத்தறிவாளர் நாம் நினைந்து மகிழத்தக்கவன். அவனைப் பாடிய புலவர் யார் தெரியுமா? உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். பெயரைப் பாருங்கள். கால் ஊனமுற்றவர் என்று அந்தப் பெயரைக் கொண்டே அறிஞர் பலர் கருதுவர். கருத்து மெய்யானால், உறையூரிலிருந்து பொதியமலைவரை, ஊனமுற்ற காலோடு ஒரு புலவர் வந்து சேர முடிந்திருக்கிறது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு! இன்றைக்கு அவர் உயிர்த்தெழுந்து வந்தால், பேருந்து நிலையத்திலிருந்து கடைவீதியின் மறுகோடிக்கு அவரால் வந்து சேர முடியுமா? நமக்கு ஐயமுண்டு.

கற்பனை என்று ஒதுக்க வேண்டாம். இதே ஆய்க்குடியைச் சேர்ந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல், கடற்படை அதிகாரித் தேர்வுக்கென்று பெங்களூர் சென்றார். உடல்திறன் சோதனையின்போது விழுந்தார். கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. மூலையில் கிடத்திவிட்டு "தலைவிதி" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதுதான் நம் நாட்டு வழக்கம். அவர் விதியை நொந்துகொண்டு கிடக்கவில்லை. உலக ஊனமுற்றோர் ஆண்டாகிய 1981-ல், சிற்றூராகிய ஆய்க்குடியில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐந்து குழந்தைகளோடு எளிய முறையில் தொடங்கியது, இன்று பள்ளி, மருத்துவம், தொழிற்பயிற்சி என்று வளர்ந்து நிற்கிறது. 2020-ல் பத்மஸ்ரீ விருதுக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அந்த வளாகத்துள் படிக்கு மாற்றாகச் சரிவு உண்டு. சக்கர நாற்காலி தடையின்றி உருளும். அவ்வளவுதான் வேண்டியது, மந்திரம் ஏதுமில்லை, தந்திரம் ஏதுமில்லை. தரையைச் சமப்படுத்தினால் மனிதன் சமமாகிறான்!

ஆனால் ஒரு மனிதன் எத்தனை நாள் ஒரு வளாகத்துக்குள்ளேயே உருண்டுகொண்டிருப்பான்? அவனுக்கும் ஒரு சட்டைத்துணி தேர்ந்தெடுக்க வேண்டும்; ஒரு நூல் வாங்க வேண்டும்; நண்பனோடு தேநீர் அருந்த வேண்டும்; ஊரைப் பார்க்க வேண்டும், ஊர் அவனைப் பார்க்க வேண்டும். நம் கடைத்தெருவுக்குள் அந்த நாற்காலி நுழைந்தால் என்னாகும்? நடைபாதை இருந்தால் அது முழங்காலளவு உயரம், ஏற முடியாது. ஏறினாலும் மேலே மோட்டார் சைக்கிள்கள். இறங்கினால் கார். பின்னால் ஆரன். 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி 'மாற்றுத்திறனாளி' என்றோம், நல்லது. சொல்லிலே மரியாதை தந்துவிட்டோம், தெருவிலே தந்தோமா?

நாற்காலிக்காரருக்கு மட்டுமா இந்தக் கதி? இரண்டு கால்களும் வலுவாக உள்ளவர் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டார்! 2022-ஆம் ஆண்டில் இந்திய நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்பது நடுவணரசே வெளியிட்ட கணக்கு. அவர்களுள் 32,000-க்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். யாரையும் இடிக்கவில்லை, விதி எதையும் மீறவில்லை, நடந்தார்கள், மடிந்தார்கள். காலரா இத்தனை பேரைக் கொன்றால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றாமல் தடுப்பூசி போடுங்கள் என்று நாம் முழங்குவோம். மோட்டார் கொன்றால் மட்டும் "நேரம் சரியில்லை" என்கிறார்கள்! புதுக்கார் வாங்கியதும் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்களே, அந்தப் பழம் காட்டும் பாதுகாப்பு யாருக்கு? உள்ளே இருப்பவருக்கு! வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பிள்ளையும் படிக்கும் பாடம். அந்தப் பாடத்தை எலுமிச்சம்பழம் மாற்றாது. மக்கள் நெருங்கி நடக்கும் இடத்திலிருந்து வேகத்தை வெளியேற்றுவதே அறிவியல் காட்டும் வழி.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுகிறார். "தெருவை அடைப்பது என்றாலே எனக்கு வைக்கம் நினைவு வருகிறதே! தெருவைத் திறக்கப் போராடிய மரபில் வந்த நீங்கள் அடைக்கச் சொல்லலாமா?" என்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

1924 மார்ச் 30-ல் வைக்கத்தில் கிளர்ச்சி தொடங்கியது எதற்காக? கோயிலுக்குள் போவதற்குக்கூட அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக! ஈழவரும் புலையரும் அந்தத் தெருக்களில் கால் வைக்கக் கூடாதென்று பலகை நட்டிருந்தார்கள். ஏப்ரலில் பெரியார் ஈ.வெ.ரா. சென்றார், பேசினார், சிறைப்பட்டார், விடுதலையானதும் மீண்டும் சென்று மீண்டும் சிறைப்பட்டார். நாகம்மையாரும் சென்றார். 1925-ல் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் அடைபட்டே கிடந்தது. 1936-ல் ஆலய நுழைவு அறிவிப்பு வந்த பின்னரே அதுவும் தீர்ந்தது. வைக்கம் இருந்த அதே திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி, ஆட்சியில்தான், தோழர்களே, 1956 நவம்பர் 1 வரையில் நம் செங்கோட்டையும் இருந்தது. தொலைதூரத்துக் கதையன்று இது.

சென்னை மாகாணத்தில் மட்டும் தெருக்கள் திறந்தா கிடந்தன? பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பினரும் நடக்கத் தடையில்லை என்று ஒரு தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது! மனிதன் தெருவில் நடக்கலாம் என்பதற்குச் சட்டமன்றத் தீர்மானம்! வெளிநாட்டான் கேட்டால் சிரிப்பான். நமக்கோ நெஞ்சு வலிக்கிறது.

அங்கே அடைத்தது மனிதனை. இங்கே நாம் அடைக்கச் சொல்வது பொறியை. வைக்கத்தில் தெரு சிலருக்காக அடைபட்டுப் பலரை வெளியே நிறுத்தியது. இன்றைய கடைத்தெருவும் அதையேதான் செய்கிறது. பலகை மட்டும் இல்லை! 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு 8-ஐக்கூட எட்டவில்லை. எஞ்சிய 92-க்கு மேற்பட்ட குடும்பங்கள், தம் வரிப்பணத்தில் போட்ட தெருவில், "ஒதுங்கு, ஒதுங்கு" என்ற அதட்டலைக் கேட்டு ஒதுங்கிப் போகின்றன. அன்றும் "ஒதுங்கு" என்றுதானே சொன்னார்கள்? அன்று வாயால் சொன்னார்கள். இன்று ஆரனால் சொல்கிறார்கள். காரைத் தடுத்தால், காரில் வந்த மனிதரைத் தடுத்ததாகாது. அவர் இறங்கட்டும், நடக்கட்டும், தெரு அவருக்கும் உரியதே. தீண்டாமைப் பலகையின் முன்னால் நின்றவனால் அவன் பிறப்பை இறக்கி வைத்துவிட்டு நடக்க முடியவில்லை. கனவானால் காரை நிறுத்திவிட்டு நடக்க முடியும்!

தமிழ்நாட்டில் இந்த முயற்சி நடந்ததா? நடந்தது, அரைகுறையாக நடந்தது. இடம், சென்னைத் தியாகராயநகரின் பாண்டி பஜார். பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நகருக்குப் பெயர் தந்தவர் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயர். பூங்காவுக்குப் பெயர் தந்தவர் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர். கடைவீதிக்கோ, சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது முழுப்பெயர். 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநில மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக அவர் இருந்தபோது ஆதிதிராவிடரைப் பேருந்தில் ஏற்ற மறுத்தார்கள் முதலாளிகள். மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை என்று ஓர் ஆணை பிறப்பித்தார், கதவு திறந்தது! சாலையில் ஓடும் வண்டி யாருக்காக ஓட வேண்டும் என்பதை ஒரு பேனாவின் கீறலால் முடிவு செய்தவரின் பெயரைத் தாங்கிய தெரு அது.

அந்தத் தெருவில், பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலைவரை, 40 கோடி ரூபாய் அளவில் செலவிட்டு, நடப்போர் வளாகம் ஒன்று அமைத்து 2019 நவம்பர் 13-ல் திறந்தார்கள். முதலில் வண்டிகளை அறவே விலக்கும் எண்ணம் இருந்தது. சோதனையும் நடத்திப் பார்த்தார்கள். வணிகர் தயங்கினர், அரசு தயங்கியது, முடிவில் நடைபாதை அகன்றது, வண்டிப்பாதை குறுகியது, ஆனால் வண்டி போகவில்லை. அகன்ற நடைபாதையை நாம் குறைத்துப் பேசவில்லை. மாலையில் அங்கே போய்ப் பாருங்கள். முதியவர்கள் இருக்கையில் அமர்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடுகின்றன, பெண்கள் நின்று பேசுகிறார்கள். நின்று பேசுவது! நம் தெருக்களில் எப்போதோ மறைந்துபோன கலை அது. ஆயினும் பாதி கொடுத்தால் மீதியையும் பறித்துக்கொள்ளும் வண்டி. நடைபாதை மேலேயே மோட்டார் சைக்கிள் ஏறியதையும் அங்கே கண்டோம்.

அதே தியாகராயநகரில் 2023-ல் இன்னொன்று செய்தார்கள். மாம்பலம் இரயிலடியிலிருந்து பேருந்து நிலையம்வரை, 570 மீட்டர் நீளத்துக்கு, நடப்போருக்கென ஆகாயப் பாலம். மின்தூக்கி உண்டு, நகரும் படிக்கட்டு உண்டு, ரெங்கநாதன் தெரு நெரிசலில் சிக்காமல் மக்கள் போகிறார்கள். பயன் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இதன் உட்பொருளைச் சிந்தியுங்கள். தரையில் இடம் போதவில்லை என்றதும், மேலே ஏறச் சொன்னது யாரை? காரையா? கால்வலிக்காரப் பாட்டியை! பூமி பொறிக்கு, ஆகாயம் மனிதனுக்கு! மோட்சத்தைத்தான் இதுவரை மேலே காட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது நடைபாதையையும் மேலே காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இனி, கனவானின் கேள்விகள். "வணிகம் கெடும்" என்பது முதற்கேள்வி. வணிகர்களின் கேள்வியும் அதுவே. 1962 நவம்பரில் டென்மார்க் நாட்டுத் தலைநகர் கோபன்ஹேகனில், ஸ்ட்ரோயெட் என்னும் கடைத்தெருவைக் கார்களுக்கு அடைத்தார்கள். ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர் நீளம். கடைக்காரர்கள் கொதித்தனர். "காரில் வருபவரே வாங்குபவர், அவரை விரட்டினால் நாம் பட்டினி" என்றார்கள். "குளிர் நாட்டில் எவன் தெருவில் நடப்பான்?" என்றார்கள். சோதனை என்று தொடங்கியது, 1964-ல் நிலையாயிற்று. இன்றளவும் அடைபட்டே இருக்கிறது. அத்தெருவில் கடை பிடிக்கத்தான் போட்டி! காரணம் எளிது. கார் கடையைக் கடந்து போகும். கால்தான் கடையின் முன்னால் நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருக்கும் சேலையை 40 கிலோமீட்டர் வேகத்தில் எந்தப் பெண்ணாவது பார்த்து வாங்கியதுண்டா? காரில் வருபவர் ஒருவர் நிறுத்திவைக்கும் இடத்தில் பத்துப் பேர் நின்று விலை கேட்கலாம். 2021 முதல் நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்யும் பெண்கள் தமிழ்நாட்டுக் கடைவீதிகளுக்கு வருகிறார்களே, அவர்களெல்லாம் வாங்குபவர்களாகக் கணக்கில் சேரமாட்டார்களா? வணிகருக்குக் காசைக் கொண்டுவருபவர் யார் என்பதை, கல்லாவில் இருப்பவர் வாசலுக்கு வந்து எண்ணிப் பார்க்கட்டும்.

பழைய பூம்புகாரிலும் மதுரையிலும் நாளங்காடி இருந்தது, அல்லங்காடி இருந்தது. பகலும் இரவும் வணிகம் நடந்தது. மக்கள் நடந்துதான் வாங்கினார்கள். "அது அந்தக் காலம்" என்பீர்கள். சரி, இந்தக் காலத்துக்கே வருவோம். தில்லி சாந்தினி சௌக்கில், செங்கோட்டையிலிருந்து ஃபதேப்புரி மசூதிவரை, காலை 9 மணி முதல் இரவு 9 மணிவரை மோட்டார் வண்டிகளுக்குத் தடை. 2021 செப்டம்பரில் புதுப்பித்துத் திறந்தார்கள். மீறி நுழைவோர் பற்றிய முறையீடுகள் உண்டு. காவல் தளர்ந்தால் எந்த விதியும் தளரும். ஆனால் வணிகம் படுத்துவிடவில்லை. ஸ்பெயின் நாட்டுப் பொந்தேவேத்ரா என்னும் சிறுநகர் 1999 முதல் தன் நடுப்பகுதியைக் காரிடமிருந்து மீட்டுக்கொண்டது. கொலம்பியா நாட்டுப் பொகோட்டா, ஐரோப்பாவின் செல்வம் இல்லாத ஊர்; 1974 முதல் ஞாயிறுதோறும் பெருஞ்சாலைகளை நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் திறந்துவிடுகிறது; நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம்! பணக்கார நாட்டுக்கு மட்டுமே ஆகும் என்று சொல்வோர் அந்த ஊரைப் பார்க்கட்டும்.

"அங்கே குளிர், இங்கே வெயில்" என்பார் இன்னொருவர். மெய்தான். வெயிலுக்கு மருந்து காரன்று, மரம். இராணி மங்கம்மாள் சாலை போட்டபோது ஓரத்தில் மரமும் நட்டாள். கால்நடையாகச் செல்பவனை எண்ணி நட்டாள். நெல்லை–தென்காசிச் சாலையை வண்டிகளுக்காக அகலப்படுத்தியபோது அந்தப் பக்கத்து நிழல்மரங்கள் வெட்டுண்டதை நாம் கண்ணால் கண்டோம். நிழலை வெட்டிவிட்டு, நிழலில்லாத நாட்டில் எப்படி நடப்பது என்று கேட்பது என்ன நியாயம்?

"இயந்திரத்தை வெறுக்கிறீர்கள், கட்டைவண்டிக் காலத்துக்குப் போகச் சொல்கிறீர்கள்" என்பார் சிலர். நம்மிடமா இந்தப் பேச்சு! இரயில் வேண்டும், பேருந்து வேண்டும், இன்னும் நிறைய வேண்டும் என்பவர்கள் நாம். ஐம்பது பேரைச் சுமக்கும் பேருந்து கடைத்தெருவின் வாயில்வரை வரட்டும். ஒருவரைச் சுமந்துகொண்டு பத்துப் பேர் இடத்தை அடைக்கும் வண்டி வெளியே நிற்கட்டும். தீயணைப்பு வண்டியும் நோயாளர் வண்டியும் எந்நேரமும் நுழையலாம். நெரிசல் இல்லாத தெருவில் அவை விரைந்து நுழையும் என்பதே உண்மை.

கடைசியாக ஒரு கேள்வி வரும். அதுதான் நமக்குச் சினமூட்டுவது. "மாற்றுத்திறனாளிகள் என்ன செய்வார்கள்?" என்பார் கனவான். அடடா, என்ன கருணை! நடைபாதை மீது காரை ஏற்றி நிறுத்தும்போது நினைவுக்கு வராத நாற்காலிக்காரர், காரைத் தடுக்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிறார்! ஆனால் அவர் வாயிலிருந்து வந்தாலும் கேள்வி பொய்யாகிவிடாது. தெருவை அடைக்கிறோம் என்று நுழைவாயிலில் இரும்புக் குழாய்களை நெருக்கி நட்டு, மோட்டார் சைக்கிளோடு சேர்த்துச் சக்கர நாற்காலியையும் வெளியே நிறுத்தும் மடமையை ஊர் ஊராகப் பார்க்கிறோம். அது அடைப்பல்ல, வைக்கம்! அரசு வழங்கும் மூன்று சக்கர ஸ்கூட்டர் அவருடைய கால். அதற்குத் தடை கூடாது. நடக்க முடியாத முதியவருக்கு மின்கல வண்டி, மெல்லச் செல்வது, தெருவுக்குள் ஓடட்டும். மேடு பள்ளமற்ற ஒரே தரை, பார்வையற்றோர் கோலால் தடவி அறியும் தடம், இளைப்பாற இருக்கை, பெண்களுக்குக் கழிப்பிடம். இவற்றைச் செய்யாமல் பலகை மட்டும் நட்டால் அந்த அடைப்பை நாமே எதிர்ப்போம்.

காரைத் தடுத்துவிட்டாலே நீதி மலர்ந்துவிடாது என்பதற்கு மராட்டிய மலையூரான மாதேரன் சான்று. அங்கே மோட்டார் வண்டிக்குத் தடை. அதன் தூய காற்றைப் புகழாதவர் இல்லை. ஆனால் காற்று வாங்க வந்த சீமானை மனிதனே கைரிக்‌ஷாவில் வைத்து இழுத்தான்! மனிதனை மனிதன் இழுக்கும் கொடுமையைத் தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சி 1973-ல் ஒழித்தது. மாதேரனில் அது நீடித்தது. 2025 ஆகஸ்டில்தான் உச்சநீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் நிறுத்துக என்று ஆணையிட்டது.

இன்னொன்றையும் விழிப்போடு பார்க்க வேண்டும். 'தெருவை அழகுபடுத்துகிறோம்' என்று கிளம்புபவர்கள், முதலில் கை வைப்பது காரின் மீதன்று. பூக்காரியின் கூடை மீது! பாண்டி பஜாரிலும் நடைபாதை வணிகர்களை முன்கூட்டியே ஒரு மாடிக்கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டுத்தான் அழகு தொடங்கியது. 2014-ல் தெருவோர வணிகர் சட்டம் வந்திருக்கிறது. அவர்களுக்கும் தெருவில் உரிமை உண்டென்று அது கூறுகிறது. வண்டி போன இடத்தில் வேர்க்கடலைக்காரரும் வளையல்காரியும் முறையாக அமர வேண்டும். அவர்களை விரட்டிவிட்டு, ஒரு குவளை காப்பிக்கு ஒரு நாள் கூலியைக் கேட்கும் கடைகளுக்காகத் தெருவை ஒழித்துக் கொடுப்பது நடப்பவருக்குச் செய்யும் நன்மையாகாது.

சட்டம் நம் பக்கம் இல்லையா? இருக்கிறது. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன், மேசைமேல் வந்து கிடக்கும் நொறுங்கிய உடல்களைக் கண்டு மனம் பொறாமல், 2012-ல் உச்சநீதிமன்றம் சென்றார். அந்த வழக்கில் 2025 மே 14-ல் நீதிமன்றம் உரைத்தது: தடையற்ற நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி, அது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கதாக இருத்தல் வேண்டும். சென்னை மாநகராட்சியோ 2014-லேயே, போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் ஒதுக்குவதாகக் கொள்கை வகுத்தது. கொள்கை தாளில் நடக்கிறது. மனிதன் சாக்கடையோரம் நடக்கிறான்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சௌந்தரபாண்டியனார் அங்காடியில் 2019-ல் பாதியில் நின்றதை முடியுங்கள். தென்காசியில் தேருக்கு விடும் வீதிகளை, மாலை 4 மணி முதல் இரவு 10 மணிவரை, முதலில் சனி, ஞாயிறு மட்டுமாவது, மக்களுக்கு விடுங்கள். மாற்றுவழி தெரியாது என்று சொல்லாதீர்கள். தேர்த்திருநாளுக்குப் போட்ட வரைபடம் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது! குற்றாலத்தில் சீசன் மாதங்களில் பேருந்து நிலையத்திலிருந்து பேரருவிவரை காரை விடாதீர்கள். ஈரத்துணியோடு, பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருபவர் காருக்கும் காருக்கும் இடையே நெளிந்து செல்ல வேண்டுமா? சாரலை அனுபவிக்க வந்து புகையைக் குடித்துவிட்டுப் போகவேண்டுமா?

தோழர்களே, உங்களிடமும் ஒரு சொல். கார் என்று நாம் எழுதும்போதெல்லாம் நீங்கள் தலையசைத்தீர்கள். உங்களிடம் கார் இல்லை. மோட்டார் சைக்கிள் இருக்கிறதே! அதுவும் வெளியேதான் நிற்க வேண்டும், முகம் சுளிக்காதீர்கள். கட்சி வேறுபாடின்றி நடைபாதையைக் குடைந்து கொடிக்கம்பம் நட்டவர்களும், குறுக்கே பதாகை கட்டியவர்களும் நம்மவர்களே. 2019-ல் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பதாகை சரிந்து, இருசக்கர வண்டியில் சென்ற ஓர் இளம் பொறியாளர் இறந்ததை மறந்துவிட்டோமா? தலைவரை வரவேற்க அணிவகுக்கும் கார் வரிசையைப் பெருமையோடு எண்ணும் பழக்கத்தையும் விட்டுவிட்டு அல்லவா நாம் கனவானிடம் பேசப் போக வேண்டும்?

வரும் சனிக்கிழமை மாலை ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் சக்கர நாற்காலியில் வாழும் நண்பரிடம் சென்று, அவர் விருப்பத்தைக் கேட்டு, அவரோடு கடைத்தெருவுக்குப் போங்கள். பேருந்து நிலையத்தில் தொடங்கி மறுகோடிவரை செல்லுங்கள். எத்தனை இடத்தில் நாற்காலி நின்றது, எத்தனை இடத்தில் அவரைத் தூக்க வேண்டியிருந்தது, எத்தனை முறை பின்னால் ஆரன் அலறியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நண்பர் கையொப்பமிடட்டும்; நீங்களும் இடுங்கள். திங்கட்கிழமை காலை அதைப் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்கி வாருங்கள்.